சாதா மனுஷனா நின்னு இருட்டோட மோதுறது: ஹாரர் லார்ப்ல மாந்திரீகனும் வேட்டைக்காரனும் ஆட முழு வழிகாட்டி (நெல்லைப் பக்கத்து ஆளுங்களுக்கு)

லார்ப் ஆடப் போறேன்னு சொன்னா நம்மூர்ல மொத கேள்வி "நாடகமால?"ன்னு வரும், ரெண்டாவது கேள்வி "சம்பளம் உண்டுமா?". நாடகம் மாதிரிதான் மக்கா, ஆனா வசனம் எழுதி வச்சிருக்க மாட்டாங்க, பாக்கிறதுக்குன்னு தனியா ஆள் கெடையாது, வந்திருக்கிற எல்லாரும் வேஷத்துலதான் இருப்பாங்க, கதை எங்க போய் முடியும்னு நடத்துற ஸ்டோரிடெல்லருக்கே பாதிதான் தெரியும். அதுல ஹாரர் வகைன்னா வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேக்குறது ரத்தக்காட்டேரி வேஷம், சாகாவரம், அசுர பலம், கறுப்பு கோட்டு. அவங்க நல்லா இருக்கட்டும். இது காய்ச்சல் வந்தா படுத்துக்குற, மாசக் கடைசில பெட்ரோலுக்கு யோசிக்கிற சாதா மனுஷனா நின்னு அதுங்ககூட மோத ஆசப்படுறவங்களுக்கு. ஒண்ணு மாந்திரீகம் கத்துக்கிட்ட மனுஷன், இல்லன்னா தேடிப் போயி அடிக்கிற வேட்டைக்காரன்.

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான், கடைசி வரைக்கும் அதையேதான் திருப்பித் திருப்பி சொல்லுவேன்: என்ன பவர் வேணும்னு கேக்காதீங்க, என்ன விலை குடுப்பீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.

மொதல்ல கேமோட கணக்கு புரியணும்

1991-ல அமெரிக்காவுல ஒயிட் உல்ஃப் கம்பெனி 'வேம்பயர்: தி மாஸ்கரேட்'னு டேபிள்ல பகடை உருட்டி ஆடுற கேம் விட்டாங்க. 1993-ல அதையே எந்திரிச்சு நடமாடி ஆடுற மாதிரி லைவ் விதி போட்டாங்க, பகடைக்குப் பதிலா நாம சின்னப்புள்ளைல ஆடுன கல்-பேப்பர்-கத்தரி. ஒவ்வொரு கேரக்டருக்கும் உடம்பு, பழக்கவழக்கம், புத்தின்னு மூணு வகையில குணச்சொற்கள் இருக்கும், அதத்தான் ட்ரெய்ட்ன்னு சொல்றது. மோதும்போது ஒரு ட்ரெய்ட்ட பந்தயமா வைக்கணும், தோத்தா அது அன்னைக்கு போச்சு. சமமா வந்தா யாருகிட்ட ட்ரெய்ட் ஜாஸ்தியோ அவங்களுக்கு வெற்றி. ட்ரெய்ட்ட தமிழ்ல வச்சுக்கிட்டா ஆட்டமே தனி ருசி, 'வைரம் பாஞ்ச', 'நெஞ்சழுத்தமான', 'எமகாதக'ன்னு எழுதி வச்சுக்கிட்டு "ஏலே, வைரம் பாஞ்ச கைலே இது, தள்ளுடா பாப்போம்"னு வசனத்துலயே பந்தயம் கட்டிரலாம்.

இப்ப கணக்குக்கு வாங்க, இதுலதான் மனுஷன் ஆடுறவங்க முழிக்கிறது. கல்-பேப்பர்-கத்தரில ஜெயிக்க மூணுல ஒண்ணு, சமம் மூணுல ஒண்ணு, தோக்க மூணுல ஒண்ணு. காட்டேரிகிட்ட எப்பவுமே ட்ரெய்ட் கூடத்தான் இருக்கும், அதனால சமம் வந்தாலும் அவனுக்குத்தான், ஆக உங்களுக்கு மூணுல ஒண்ணு, அவனுக்கு ரெண்டு. ஒத்தைக்கு ஒத்தை போனா சங்குதான். ஆனா மூணு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா மோதுனா, அதுல ஒருத்தராவது ஜெயிக்கிறதுக்கு 27-ல 19 வாய்ப்பு, கிட்டத்தட்ட 70 சதவீதம். இந்த ஒரு கணக்க மனசுல வச்சிருந்தா போதும், வேட்டைக்காரங்க ஏன் எப்பவும் கூட்டமா திரியணும்னு தனியா சொல்ல வேண்டாம். அவன் மறுபடி சோதிக்கச் சொல்ல ரீடெஸ்ட் வச்சிருப்பான், அதையும் சேத்தா இந்த சதவீதம் இன்னும் கீழ எறங்கும், அதனால மொத ஆள் போறதே அவனோட ரீடெஸ்ட்ட செலவழிக்க வைக்கத்தான்.

அடி வாங்குனா இன்னொரு வித்தியாசம். காட்டேரி குடிச்ச ரத்தத்த செலவழிச்சு நின்ன இடத்துல காயத்த ஆத்திருவான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், கட்டுப் போடணும், அடுத்த ஆட்டத்துக்கு நொண்டிக்கிட்டுதான் வரணும். இத குறையா பாக்காதீங்க, நொண்டிக்கிட்டு வர்ற ஆளத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

1999-ல அதே கம்பெனி 'ஹன்டர்: தி ரெக்கனிங்'னு விட்டுச்சு, அதுல சாதாரண ஜனங்களுக்கு ஒருநாள் திடீர்னு ஏதோ ஒரு குரல் கேக்கும், கூட நிக்கிறவன் மனுஷன் இல்லன்னு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், கூப்பிட்டது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் வெளங்காது. மந்திரவாதிங்களுக்கும் அந்த உலகத்துல தனி இடம் உண்டு, ஒலகத்தையே வளைக்கிற பெரிய மேஜ் வேற, குறுகலா ஒண்ணு ரெண்டு வித்தை மட்டும் படிச்சு ஏறுற சாதா மாந்திரீகன் வேற. நாம பேசுறது ரெண்டாவது ஆள.

உக்காந்து பேசுற நாள்

வேஷம் கட்டுறதுக்கு முந்தியே எல்லாரும் ஒருநாள் டீயோட உக்காருங்க. நம்ம பக்கத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா செய்வினை, ஏவல், பில்லி சூனியம் எல்லாம் இங்க கதை கெடையாது, உங்க குரூப்லயே ஒருத்தர் வீட்ல எலுமிச்சம்பழம் மந்திரிச்சு வாசல்ல கட்டியிருப்பாங்க, இன்னொருத்தர் வீட்ல சின்னப்புள்ளைக்கு பயந்த கோளாறுன்னு திருநீறு போட்டிருப்பாங்க. எது எல்லாம் ஆட்டத்துக்குள்ள வரக்கூடாதுன்னு ஆளுக்கு ஒரு சீட்டுல பேர் போடாம எழுதிப் போடச் சொல்லுங்க, வந்தத அப்படியே ஏத்துக்குங்க, "ஏன்"னு கேக்கப்படாது. நடுவுல யாருக்காவது தாங்கலன்னா நிறுத்த ஒரு வழி வேணும், 2013-ல இருந்து எக்ஸ் கார்டுன்னு ஒண்ணு டேபிள் கேம்கள்ல பழக்கத்துல இருக்கு, எக்ஸ் போட்ட அட்டைய தொட்டா அந்தக் காட்சி அப்படியே விடப்படும், விளக்கம் கேக்க மாட்டாங்க. நடமாடுற ஆட்டத்துல அட்டைக்கு எங்க போக, "கட்"னு சத்தமா சொன்னா எல்லாரும் நிக்கணும், அவ்வளவுதான்.

நம்மூருக்குன்னே மூணு விஷயம் நான் கண்டிப்பா சொல்லுவேன்.

சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன் யாரையும் வில்லனா வைக்காதீங்க, வேஷமாவும் கட்டாதீங்க. கோயில் கொடையில கோமரத்தாடி சாமி வந்து ஆடுறதும், நடுராத்திரி மயானத்துக்கு வேட்டைக்குப் போறதும் ஒரு ஊரோட வழிபாடு. அந்த மாதிரி காவல் தெய்வம் இருக்கிற ஊர்ல வெளிய இருந்து வந்த காட்டேரி எப்படி பொழைப்பான்னு யோசிச்சா அதுவே சூப்பர் கதை, சாமிய தொடவே வேண்டாம்.

ரெண்டாவது, சாதி. வேட்டைக்காரக் கூட்டம் எதுவும் ஒரு சாதிக்காரங்க மாதிரி தெரியக்கூடாது. குறிப்பா டீம் பிரிக்க கலர் கயிறு கைல கட்டுற ஐடியா வேண்டவே வேண்டாம், வெளியூர் ஸ்டோரிடெல்லர் வந்தா மொதல்ல அதத்தான் சொல்லுவாரு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல மணிக்கட்டு கயிறுக்கு என்ன அர்த்தம்னு இங்க படிச்ச எல்லாருக்கும் தெரியும். கழுத்துல டேக் போடுங்க, இல்ல தலைல கை வச்சா "நான் இப்ப ஆட்டத்துல இல்ல"ன்னு வச்சுக்குங்க, செலவும் இல்ல.

மூணாவது, அருவா. அந்தக் காலத்து லைவ் விதியிலயே தொடக்கூடாது, நெஜ ஆயுதம் கூடாது, குடிச்சிட்டு ஆடக்கூடாதுன்னு இருக்கு. அருவா, துப்பாக்கி எல்லாம் ஒரு அட்டைல எழுதி சட்டைப் பைல இருந்தா போதும், அட்டைய காட்டுனா அருவா வந்தாச்சுன்னு அர்த்தம். ராத்திரி பதினோரு மணிக்கு தெருவுல பளபளன்னு ஒண்ண தூக்கிட்டு ஓடுனா அது ப்ராப், வெறும் ஆட்டத்துச் சாமான்னு போலீஸ்காரர்கிட்ட விளக்குறதுக்குள்ள விடிஞ்சிரும்.

எங்க, எப்ப

மயானம், கோயில் மண்டபம், பாழடஞ்ச பங்களா எல்லாம் ஆசயா இருக்கும், போகாதீங்க. பாபநாசத்துக்கு மேல காடுன்னா அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம், ராத்திரி போக விட மாட்டாங்க, விட்டாலும் அங்க நெஜமாவே வேட்டையாடுறது வேற ஆளு. எனக்குப் புடிச்சது கல்யாண மண்டபம். ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கெடையாது, மண்டபம் சும்மா பூட்டிக் கெடக்கும், ஓனர்ட்ட பேசுனா வாடகை நல்லாவே எறங்கும். மணமகள் அறை, மணமகன் அறை, பந்தி ஹால், சமையல்கட்டு, மாடின்னு தனித்தனி இடமா கெடைக்கிறதால ரகசியம் பேசவும் ஒட்டுக்கேக்கவும் வசதி. ரெண்டுல மார்கழிதான் பெட்டர், வேர்க்காது, ஆடியில சுத்துவட்டாரத்துல எங்கயாவது கொடை நடந்து குழாய் ரேடியோ விடிய விடிய அலறும், அதுக்கு நடுவுல "அமைதியா மூச்ச கேளுங்க"ன்னு வசனம் பேச முடியாது. பக்கத்து வீடுகளுக்கு முன்னாடியே சொல்லிருங்க, ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுத்து வச்சா இன்னும் நிம்மதி.

கதைக்களத்துக்கு பஞ்சமே இல்ல. 1843-ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலம் டவுனையும் பாளையங்கோட்டையையும் சேக்குது, ஒரு கரை ஒரு கூட்டத்தோட எல்லை, மறு கரை இன்னொண்ணோடதுன்னு வச்சா தாமிரபரணிய தாண்டுறதே டென்ஷன். 1801-ல ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையில இருந்து தப்பிச்சது வரலாறு, அன்னைக்கு ராத்திரி கூட வேற ஏதோவும் தப்பிச்சிருந்தான்னு ஸ்டோரிடெல்லர் ஒரு வரி சேத்தா போதும். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிங்கள 1876-லயே ஜெர்மன்காரர் யாகோர் வந்து தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போனாரு, போன தாழில ஒண்ணு மூடியே இருந்திருக்கலாமேன்னு ஆரம்பிச்சா ஒரு வருஷத்துக்கு ஆட்டம் ஓடும். கற்பனை எது, நடந்தது எதுன்னு மட்டும் ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிருங்க, வாட்ஸப்புல வரலாறா சுத்த ஆரம்பிச்சிரும்.

மாந்திரீகன கட்டுறது

நாலு கேள்விக்கு பதில் எழுதுங்க. யாருகிட்ட கத்துக்கிட்ட. என்ன தெரியும் (ஒண்ணே ஒண்ணு, ஆசப்பட்டா ரெண்டு). பண்ண என்னென்ன சாமான் வேணும், எவ்வளவு நேரம் ஆகும். பண்ணுனா உங்ககிட்ட இருந்து என்ன போகும். கடைசி கேள்விக்கு "மன சக்தி குறையும்"னு எழுதுறவங்கதான் ஜாஸ்தி, அது விலையே இல்ல, சீட்டுல ஒரு கோடு அடிக்கிறதோட முடிஞ்சிரும். கூட ஆடுறவங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி போகணும்.

ஒரு உதாரணம் முழுசா சொல்லுதேன். பாளையங்கோட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அக்கா, அவங்க ஆச்சிகிட்ட மை பாக்க கத்துக்கிட்டாங்க. காணாமப் போன ஆள், ஒளிச்சு வச்ச பொருள், இது ரெண்டுதான் தெரியும், நெருப்பு வராது, யாரையும் அடிக்க முடியாது. சாமான்: ஒரு வெத்தல, கொஞ்சம் கறுப்பு மை (கண் மை டப்பா போதும்), ஒரு எல்இடி அகல். நேரம்: முழுசா பத்து நிமிஷம், நெஜ பத்து நிமிஷம், அதுக்குள்ள யாராவது அவங்க தோள்ல கை வைக்கிற மாதிரி சைகை காட்டுனா எல்லாம் கலஞ்சிரும். விலை: ஒருக்க மை பாத்தா தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு மறந்து போகும்.

ஆடும்போது எப்படின்னா, அக்கா வெத்தலைல மைய தடவி அகல் பக்கத்துல பிடிச்சிட்டு உக்காருவாங்க, வாசல்ல ரெண்டு வேட்டைக்காரங்க காவல், உள்ள காட்டேரியோட ஆள் எப்படியாவது நுழைய பாப்பான், பத்து நிமிஷம் மண்டபமே மூச்சு விடாது. முடிஞ்சதும் ஸ்டோரிடெல்லர் ஒரு துண்டுச்சீட்ட கைல வைப்பாரு, அதுல பதில் இருக்கும். அதோட இன்னொரு சீட்டு, எல்லார் பேரும் போட்ட டப்பால இருந்து எடுத்தது. அக்கா அந்த பேர படிச்சிட்டு மடிச்சு வச்சிட்டு நிமிர்வாங்க, எதிர்ல அவ்வளவு நேரம் காவல் நின்ன தம்பி "என்னக்கா, தெரிஞ்சுதா?"ன்னு கேப்பான், அவங்க அவன மேலயும் கீழயும் பாத்துட்டு "கடை மூடியாச்சே தம்பி, ஜெராக்ஸா, கலர் பிரிண்ட்டா?"ன்னு கேக்கும்போது அந்தப் பையன் மூஞ்சி போகுற போக்கு இருக்கே, எந்த காட்டேரி பல்ல காட்டுனாலும் அந்த பயம் வராது.

சும்மா பவர் காட்டணும்னா காட்டேரியே ஆடிருங்க, நான் தடுக்கல.

மந்திரம் சொல்ல வேண்டி வந்தா நெஜ மந்திரத்த எடுக்காதீங்க, தேவாரம், பைபிள் வசனம், ஓதுறது எதையும் திரிக்காதீங்க. பழைய இபி பில் நம்பர், பாட்டி சொன்ன விடுகதை, பஸ் ரூட்டுல வர்ற ஊர் பேரு, இதையெல்லாம் பைய, ஒரே தொனில முணுமுணுத்தா கேக்குறவனுக்கு கிலியாத்தான் இருக்கும். "முக்கூடல், இடைகால், பாப்பாக்குடி"ன்னு கண்ண மூடிட்டு ஒருத்தர் சொல்லிப் பாக்கட்டும்.

வேட்டைக்காரன கட்டுறது

இங்க எல்லாரும் பண்ணுறது மீசை, தாடி, கறுப்பு சட்டை, செத்துப் போன தங்கச்சி. பழி வாங்குறது காரணமா வரலாம் தப்பில்ல, ஆனா பகல்ல அவன் என்ன வேலை பாக்குறான்னு எழுதாம விட்டா அவன் ராத்திரி சும்மா கத்திக்கிட்டுத்தான் நிப்பான். வேட்டைக்காரனோட பவரே அவனோட வேலைதான். இபி லைன்மேன் கரண்ட நிறுத்துவாரு. கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ்ல இருக்கிறவருக்கு எந்த வீடு எழுபது வருஷமா ஒரே பேர்ல கெடக்குன்னு தெரியும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில பிணவறைல வேலை பாக்குறவருக்கு ரத்தமில்லாம வந்த உடம்பு எத்தனைன்னு தெரியும். டவுன் பஸ் கண்டக்டருக்கு கடைசி ட்ரிப்புல யார் டிக்கெட் எடுக்காம எறங்குனான்னு தெரியும். ஆம்புலன்ஸ் டிரைவர், உபதேசியார் மகன், கேபிள் டிவி பையன், எல்லாமே தங்கம்.

விலை இங்கயும் உண்டு. ஒவ்வொரு உதவிக்கும் வேலைல ஒரு பொய் சொல்லணும். ஒரு காட்சி இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, அந்தத் தெருவுக்கு மட்டும் ஒரு பத்து நிமிஷம் கரண்ட நிறுத்தணும்."

"லைன் கிளியர் அனுமதி வாங்காம எப்படிலே நிறுத்த? நாளைக்கு இன்ஜினியர் கேட்டா என்னத்த சொல்ல?"

"அணில் விழுந்துட்டுன்னு சொல்லுங்க."

"போன மாசமும் அணிலத்தான் சொன்னேன்."

மூணாவது தடவ அணில் வேலைக்கு ஆகாது, சஸ்பென்ஷன் ஆர்டர் வரும், ஸ்டோரிடெல்லர் அதையும் ஒரு கவர்ல போட்டு அவர் கைல குடுக்கணும். வேலை போனா பவரும் போச்சு. இது புரிஞ்ச குரூப்ல எவனும் அவசரப்பட்டு சண்டைக்குப் போக மாட்டான், ஒரு தடவ நிறுத்துற கரண்ட்டுக்கு மூணு வாரம் திட்டம் போடுவாங்க.

வேட்டைய நடத்துறதும் அப்படித்தான், மொதல்ல மோப்பம், அப்புறம் உறுதிப்படுத்துறது, அப்புறம்தான் அடி. உறுதிப்படுத்தாம அடிச்சா செத்தது மனுஷனா இருந்துரும், அதுக்கப்புறம் நீங்க கொலைகாரன். அதோட எந்த கேமோ அதோட விதிய கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, படத்துல பாத்தத நம்பிப் போகாதீங்க. 'மாஸ்கரேட்' உலகத்துல பூண்டு மாலை வேஸ்ட், சிலுவையும் திருநீறும் கைல இருந்தா மட்டும் போதாது, பிடிக்கிற ஆளுக்கு அசைக்க முடியாத நெஜ நம்பிக்கை இருந்தாத்தான் வேலை செய்யும், அது எந்த மதமா இருந்தாலும் சரி. மரக்கட்டைய நெஞ்சுல இறக்குனா காட்டேரி சாக மாட்டான், கட்டை மாதிரி கெடப்பான், உருவுனா எந்திரிச்சிருவான். வெயிலும் நெருப்பும்தான் நெஜமான எமன். ஆக, விடியுற வரைக்கும் அவன எங்க வச்சு எப்படி தூக்கிட்டுப் போறதுங்கறதுதான் பிளான், அங்கதான் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு மவுசு.

ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல இருந்தா

இதுல சுவாரசியமே சந்தேகம்தான். செய்வினை எடுக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கவும் தெரியும்னு நம்ம ஆளுங்க பேச்சு, அத அப்படியே ஆட்டத்துக்குள்ள கொண்டு வாங்க. வேட்டைக்காரனுக்கு மை பாக்குற அக்கா இல்லாம வழி தெரியாது, ஆனா அந்த அக்காவுக்கு வித்தைய குடுத்தது யாருன்னு அவனுக்கு தூக்கம் வராது. மாந்திரீகன் ஆடுறவங்க ஒரு ரகசியத்த கண்டிப்பா வச்சிருக்கணும், அது நடு ஆட்டத்துல வெளிய வர்றதுக்கு நீங்களே வழி பண்ணிக் குடுக்கணும், பூட்டியே வச்ச ரகசியத்தால யாருக்கும் லாபம் இல்ல. அதே மாதிரி வேட்டைக்காரன் ஆடுறவங்க பாதி சந்தேகத்த வாய்விட்டு சொல்லணும், மனசுக்குள்ளயே முறைச்சுக்கிட்டு இருந்தா எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஆட ஒண்ணும் கெடைக்காது.

சாகுறத பத்தி. மனுஷன் ஆடுனா சாவு வரும், கைவசம் இன்னொரு கேரக்டர் எழுதி வச்சுட்டு வாங்க. செத்துட்டா மூலைல உக்காந்து போன் நோண்டாதீங்க, ஸ்டோரிடெல்லர்ட்ட போய் நில்லுங்க, செத்தவரோட மதினியா, கடன் குடுத்தவரா, துட்டி கேக்க வந்த ஒண்ணுவிட்ட சித்தப்பாவா திரும்பி உள்ள வரலாம். துட்டி வீட்டுக் காட்சி மாதிரி ஒரு காட்சிய வெளிநாட்டு விதிப்புத்தகம் எதுவும் சொல்லித் தராது, யார் அழுறாங்க, யார் அழாம சுவரப் பாக்குறாங்க, யார் பெட்டிய தூக்கிப் பாத்து கனம் கம்மியா இருக்கேன்னு முழிக்கிறாங்க, அதுலயே அடுத்த ரெண்டு ஆட்டத்துக்கு சரக்கு கெடச்சிரும்.

முடிஞ்சதுக்கு அப்புறம்

உடனே வீட்டுக்கு ஓடாதீங்க. டேக்க கழட்டி வச்சிட்டு, நெஜப் பேர சொல்லி ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டு, டீயும் காரச்சேவும் வச்சு ஒரு அரைமணி நேரம் பேசுங்க. வேஷத்துல வந்த கோவமும் பயமும் ஆளுக்குள்ள ஒட்டிக்கிட்டு வர்றத லார்ப்காரங்க ப்ளீட்னு சொல்லுவாங்க, காட்டிக்குடுத்தவரும் காட்டிக்குடுக்கப்பட்டவரும் அன்னைக்கே சிரிச்சுப் பேசிட்டா பாதி சரியாயிரும். மறுநாள் ஒரு போன் போட்டு "தூங்குனியா மக்கா?"ன்னு கேளுங்க, முக்கியமா சாமி பயம் உள்ளவங்கள.

மண்டபத்த கூட்டித் தள்ளிட்டு ப்ராப்ஸ ஒவ்வொண்ணா எண்ணி எடுங்க. எலுமிச்சம்பழம் வேணும்னா பிளாஸ்டிக் பழமே வாங்கிருங்க, நெஜப் பழத்த அறுத்து குங்குமம் தடவி ஆடிட்டு அசதில குப்பையோட குப்பையா தெருமுனைல போட்டுட்டு வந்தா, காலைல கோலம் போட வர்ற அக்கா அத பாத்துட்டு தெருவையே கூட்டிருவாங்க, அடுத்த வருஷ மார்கழிக்கு மண்டபம் கெடைக்காது.